கல்பாக்கத்துக்காரன் வாங்கிய பேட்டரி

வலது தோளில் ஆபரேஷன் செய்த டாக்டர், "இனிமே கனமா எதையும் இழுக்காதீங்க" என்றார். வீடு வந்து சேர்வதற்குள் என் மனைவி அதற்கு உரை எழுதிவிட்டாள். "துடுப்பும் அதுல சேத்திதான். படகை வித்துடலாம்." கோவளத்தில் விடுதி நடத்தும் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாக ஏற்பாடும் ஆகிவிட்டது.

படகு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். மூன்று பேர் உட்காரும் ஃபைபர் படகு. மாமல்லபுரத்துக்குப் பின்னால், கால்வாய் விரிந்து ஏரி மாதிரி கிடக்கும் இடத்தில் கட்டியிருக்கும். விடுமுறை நாளில் அதில் போய்த் தூண்டில் போடுவேன். மீன் பிடிப்பது வேறு ஆட்கள். ஆனாலும் அது இல்லாத ஞாயிற்றுக்கிழமையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"கரண்டு மோட்டார் மாட்டிடறேன். தோளுக்கு வேலையே இல்ல" என்றேன்.

"சரி. சனிக்கிழமை நானும் ஏறி உக்காருவேன். அக்கரைக்குப் போய்ட்டுத் திரும்பி வரணும். நடுவுல துடுப்புல கை வெச்சீங்க, படகு கோவளம் போயிடும்."

மோட்டார் சுலபமாக வந்து சேர்ந்தது. பேட்டரிதான் என்னை ஆட்டிவைத்தது. அந்த வாரம் முழுக்க நான் ஓர் இடத்தில் உட்காரவில்லை. ஆம்பியர் பற்றிக் காலையில் மூன்று முறை, மாலையில் மூன்று முறை படித்தேன். மருந்து போல உள்ளே போனது, குணம்தான் தெரியவில்லை.

செங்கல்பட்டில் ஒரு பேட்டரிக் கடை. அந்தக் கடைக்காரருக்கு எல்லாமே ஃபேன் கணக்கு.

"வூட்ல எத்தினி ஃபேன் சார்?"

"வீட்டுக்கு இல்லீங்க. படகுக்கு."

"படகுல எத்தினி ஃபேன்?"

முழு வேகத்தில் மோட்டார் ஐம்பது ஆம்பியர் இழுக்கும் என்றேன். "அப்ப எட்டு ஃபேன் ஓடுற மாதிரி" என்று சொல்லிவிட்டு, எங்கே வேலை என்று கேட்டார். கல்பாக்கம் என்றேன். அவ்வளவுதான், எழுந்து தன் நாற்காலியை எனக்குக் கொடுத்தார். "கரண்டு தயாரிக்கிற ஊரு சார் உங்களுது. உங்களுக்கு நான் இன்னா சொல்றது? இன்வெர்ட்டருக்குப் போடற பெரிய டியூபுலர்தானே?"

நான் ஸ்டோர்ஸ் கிளார்க். விளக்குமாறும் ஃபினாயிலும் வழங்குவது என் துறை. ஆனால் நாற்காலி கொடுத்த மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது? கன்னத்தில் விரல் வைத்து, "ம்... அதேதான்" என்றேன்.

வியாழக்கிழமை என் மச்சானும் இன்னொருவனும் அந்தப் பேட்டரியை மூச்சு வாங்கத் தூக்கிவந்து படகின் பின்பக்கம் வைத்தார்கள். என் பங்குக்கு "பாத்து, பாத்து" என்றேன். மோட்டார் இருப்பதும் பின்பக்கம், நான் உட்கார வேண்டியதும் பின்பக்கம். உட்கார்ந்தேன். படகின் மூக்கு வானத்தைப் பார்த்தது. என் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் படகின் விளிம்புக்கு நான்கு விரல் கீழே நின்றது.

"இன்னா மாமா, படகு குந்திகினு கீது?" என்றான் மச்சான்.

சாய்ந்ததில் ஆசிட் கசிந்து என் பேன்ட்டில் ஜன்னல் வைத்தது.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுக் கடைக்கு ஓடினேன். "எனக்குக் கரண்டு பத்தி ஒண்ணும் தெரியாதுங்க. நான் விளக்குமாறு குடுக்கறவன்."

அவர் நிம்மதியாகச் சிரித்தார். "மொதல்லயே சொல்லக் கூடாதா அண்ணாத்த?"

சார் போய் அண்ணாத்த ஆனதும்தான் விசாரணையே ஆரம்பித்தது. படகு எவ்வளவு நீளம், எத்தனை பேர், எவ்வளவு நேரம், காற்று எப்படி? கடைசியில் ஒரு லித்தியம் பேட்டரியை எடுத்து வைத்தார். இடது கையாலேயே தூக்கிவிட்டேன்.

"இத்த முன்னால வெச்சு ஒயரை நீட்டிக்கோ. அந்தப் பெரிசு நிக்கறதுக்கு முன்னால மொனகும், வேகம் கொறையும். இது மொனகாது. படக்குனு நின்னுடும். ஃபுல்லா சார்ஜ் போட்டுப் பாதி வேகத்துல போ."

டியூபுலர் எங்கள் வீட்டு இன்வெர்ட்டருக்குப் போனது.

சனிக்கிழமை பிற்பகல் மனைவி ஏறினாள். அக்கரை வரை படகு சத்தமே இல்லாமல் போனது. திரும்பும்போது கடல் காற்று எதிரே எழுந்தது. கரைக்கு இருபது அடி இருக்கையில் மோட்டார் நின்றது. முனகவில்லை.

காற்று எங்களைப் பின்னால் தள்ளத் தொடங்கியது. துடுப்பு என் காலடியில் கிடந்தது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டேன்.

"இன்னாங்க, நின்னுடுச்சா?"

"ரெஸ்ட் எடுக்குது."

"காலையிலேர்ந்து எங்க போயிருந்தீங்க?"

"சும்மா... போய் வருதான்னு பாத்தேன்."

"எத்தினி வாட்டி?"

"ஒரு... ஏழு வாட்டி. முழு வேகத்துல."

கரையில் மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவள் துடுப்பைப் பார்த்தாள், தொடைக்கு அடியில் இருந்த என் கைகளைப் பார்த்தாள். பிறகு புடவையைச் செருகிக்கொண்டு துடுப்பை எடுத்தாள். படகு முதலில் ஒரு வட்டம் போட்டது. "அந்தப் பக்கம்..." என்று வாயெடுத்தேன்.

"நீங்க பேசாதீங்க."

இன்னொரு வட்டம். அப்புறம் நேராகப் போனது. முழங்கை வரை நனைந்து, மூச்சிரைக்கக் கரையில் இறங்கியவள் துடுப்பை மச்சானிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். படகு எனக்கா, கோவளத்துக்கா என்ற கேள்விதான் இரவு முழுக்க என்னைப் புரட்டியது.

ஞாயிறு காலை கோவளத்துக்காரர் வந்து நின்றார். நான் கேட்டுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தேன். அவள் வெளியே வந்தாள்.

"படகு விக்கறதுக்கு இல்லீங்க. இவரு துடுப்பைத் தொடல."

அவர் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார். நான் என் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன்.