ஓட்டியவன் பெயர்

தடதடவென்று குளம்புச் சத்தம் முதலில் வரும். குதிரை பிறகுதான் திரைக்கு வரும். அமெரிக்கப் படங்களில் பேசுவதைக் கேட்டு, கீழே ஓடும் இங்கிலீஷ் வரியாக அடித்துக் கொடுப்பது என் பிழைப்பு. அவர்களுக்குப் பகல், தேனியில் எனக்கு ராத்திரி. பத்தாவதோடு நின்றவன், இங்கிலீஷைக் காதாலேயே பிடித்தேன். பகலில் தூக்கம் வராமல் புரளும் சக ஜீவன்களே, உங்களுக்குத்தான் இது.

இரண்டு நிமிஷம்

போன மாதம் கென்டக்கி டெர்பி என்ற குதிரைப் பந்தயத்தின் வரலாற்றுப் படம் வந்தது. 1875இல் தொடங்கி ஒரு வருஷம்கூட நிற்காத பந்தயம். ஓட்டம் என்னவோ இரண்டு நிமிஷம்தான். எனக்கு எட்டு ராத்திரி பிடித்தது. கேட்டதும் மனைவி சொன்னாள்: “ரெண்டு நிமிச ஓட்டத்துக்கு எட்டு ராத்திரியா? எங்கப்பா ஒரே ராத்திரில தோப்பு முழுக்கத் தண்ணி பாய்ச்சிருவாக!”

காலொடிந்த விருந்தாளி

பக்கத்து வீட்டு செல்லப்பாண்டி, அடுத்தவர் மாடுகளை ரேக்ளா பந்தயத்தில் ஓட்டுகிறவன். சின்னமனூர்ப் பக்கம் வண்டி கவிழ்ந்து கால் ஒடிந்ததால், ராத்திரி அடித்ததை நான் பகலில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கும்போது என்னோடு உட்கார்ந்து படம் பார்ப்பான். நான் தமிழில் சொல்வேன். முதல் பந்தயத்தில் ஓடியவை பதினைந்து குதிரைகள். பதின்மூன்றை ஓட்டியவர்கள் கறுப்பினத்தவர், ஜெயித்தவரும் அவர்களில் ஒருவர். படம் குதிரை பெயரைச் சொன்னது, முதலாளி பெயரைச் சொன்னது, அடுத்த வருஷத்துக்குத் தாவிவிட்டது.

செல்லப்பாண்டி நிமிர்ந்து உட்கார்ந்தான். “ஏண்ணே, நம்ம ஊரு மைக் செட்டுலயே மாட்டுக்காரருக்கு அடுத்து சாரதி பேரச் சொல்லுவாக. ஓட்டுனவன் பேரு எங்கண்ணே?”

மூன்றாவது தடவை

தேடிப் பிடித்து, அந்தப் பெயரை அடைப்புக்குறிக்குள் சேர்த்துவிட்டேன். காதில் விழாததை எழுதக் கூடாது என்பது எங்கள் சட்டம். படத்தில் தப்பாகச் சொன்னதைத் திருத்தப் போய் ஏற்கெனவே இரண்டு முறை மாட்டியிருக்கிறேன். நான் அடித்த வரிகளைச் சரிபார்க்கும் பெண் கொச்சியிலிருந்து போன் செய்தாள். கோபமில்லை, பாவம், கெஞ்சினாள்: “சேட்டா, இது மூணாவது தடவை. இன்னைக்கே எடுத்துடுங்க. இல்லேன்னா உங்களுக்கு இனி வேலை வராது, என்னால ஒண்ணும் செய்ய முடியாது.”

செல்லப்பாண்டி கேட்டது

எடுத்துவிட்டேன். ஐம்பது வயதில் வேறு எந்த வேலைக்குப் போக? மறுநாள் ஊன்றுகோலோடு வந்தவன், “பேரு வந்துருச்சாண்ணே?” என்றான். சொன்னேன். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்தான். “விடுங்கண்ணே. கயிறு யாரு கையில இருந்துச்சுன்னு அந்தக் குதிரைக்குத் தெரிஞ்சிருக்கும்ல.”

கேட்டதை மட்டும் எழுதுகிறவனுக்குக் காது போதும், மனசு கூடுதல் சுமை என்று சொல்லிக்கொண்டே, ஹெட்போனைத் துடைத்து மாட்டிக்கொண்டு அடுத்த வரியை அடிக்க ஆரம்பித்தேன்.