குளத்துக்குள் ஒரு பிலிம் ரோல்

சாந்தினி சௌக்கில் ஒரு பழைய கேமராக் கடையில் அதை வாங்கினேன். தண்ணீருக்குள் படமெடுக்கும் பிலிம் கேமரா. ஏறக்குறைய என் வயது இருக்கும் அதற்கு.

"கடலே இல்லாத ஊர்ல இத வச்சு என்ன செய்யப் போறீங்க?" என்றாள் மனைவி.

அந்தக் கோடையில்தான் அவளுடைய முழங்கால் வலிக்கு நீச்சல் பழகச் சொன்னார் டாக்டர். மயூர் விஹாரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு நீச்சல்குளம் இருந்தது.

ஐம்பது வயதில் முதன்முதலாகத் தண்ணீரில் இறங்கியவள், சுவரோரக் கம்பியை விடவே இல்லை. "சோடியே ஆன்ட்டி, சோடியே" என்று கெஞ்சுவாள் பயிற்சியாளர் பெண். விடச் சொன்னால் மட்டும் இவளுக்கு இந்தி புரியாது.

ஒருவழியாகக் கம்பியை விட்டு, குப்புறக் கிடந்து முகத்தைத் தண்ணீரில் வைக்கப் பழகினாள். ஆனால் மிதக்கிறாய் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டாள். "கால் கட்டைவிரல தரையில ஊனிக்கிட்டுதாங்க இருக்கேன். எனக்குத் தெரியாதா?"

படத்தில் வேறு யாரும் வரக்கூடாது என்ற நிபந்தனையோடு கேமராவை அனுமதித்தாள் பயிற்சியாளர் பெண். கூட்டமில்லாத ஒரு காலையில் போனோம். கேமராவின் ரப்பர் வளையத்தைத் துடைத்து, கிரீஸ் தடவி, மூடினேன். அதில் ஒரு முடி சிக்கினாலும் தண்ணீர் உள்ளே போய்விடும். மூச்சை அடக்கி முங்கினேன். லென்ஸ் வழியே பார்க்க வழியில்லாத கேமரா அது. தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு வைக்க வேண்டும். என் நீச்சல் கண்ணாடியோ பனி படர்ந்து கிடந்தது. மங்கலாக அவள் தெரிந்த பக்கம் திருப்பி, ரோல் தீரும்வரை அழுத்தினேன்.

கழுவி வந்த படங்களில் பெரும்பாலானவை வெறும் பச்சை. ஒன்றில் என் விரல். ஒன்றே ஒன்று மட்டும் தெளிவு: கைகளை விரித்துக் கிடந்தாள், இரண்டு பாதங்களும் தரை ஓடுகளுக்கு மேலே, நன்றாக மேலே.

சன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தாள்.

"நானாங்க இது?"

"வேற யாரு?"

"விரலு கீழயே இல்லையே!" சொல்லிவிட்டுச் சிரித்தாள், கண் நிறைந்தது.

மறுநாள் கம்பிப் பக்கமே போகவில்லை. நேரே குளத்தின் நடுவுக்கு நடந்தாள். ஆழமாக மூச்சிழுத்து முகத்தைத் தண்ணீரில் வைத்தாள்.