கலைமணியின் சுற்றுவழிகள்

ஐந்தாவது மாடி பால்கனியிலிருந்து கயிற்றை இறக்கிக்கொண்டே, மேசை மேல் இருக்கும் மடிக்கணினியை ஒரு கண்ணால் பார்க்கிறாள் கலைமணி. கயிற்றின் நுனியில் ஒரு கவ்வி, கவ்வியில் ஒரு பை. கீழே மொஹிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கிற பெண் பையில் பொட்டலத்தை வைத்துக் கயிற்றை இரண்டு முறை சுண்டுவாள், இவள் இழுத்துக்கொள்வாள். யாங்கோனின் தாமுவே பகுதியில் இப்படிக் கயிறு தொங்காத வீடு குறைவு. ஆனால் மற்ற வீடுகளில் கயிறும் இறங்கும், மனிதர்களும் இறங்குவார்கள். கலைமணி சில வாரங்களில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் படியிறங்குகிறாள்.

மலைப்பாதை பார்த்துச் சொல்வது அவள் வேலை. விடுமுறை வந்தால் அமெரிக்காவில் சிலர் ஒரு சின்ன வீட்டையே சக்கரத்தின் மேல் ஏற்றி, வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும். எடை மூன்று டன். அத்தனை கனத்தோடு எந்த மலையில் ஏறலாம், எந்த இறக்கத்தைத் தவிர்க்க வேண்டும், எந்தப் பெட்ரோல் பங்கில் ட்ரெய்லரைத் திருப்ப இடம் இருக்கிறது என்று செய்தி அனுப்பிச் சொல்வதற்கு அங்கே ஒரு சிறு நிறுவனம். அதற்கு யாங்கோனில் இருக்கும் ஒரே ஆள் இவள். அங்கே சாயங்காலம் ஆறு மணிக்கு வழி கேட்பார்கள். இங்கே அப்போது காலை ஆறரை.

அந்த மலைகளில் ஒன்றைக்கூட அவள் கண்ணால் கண்டதில்லை. நாற்பத்து நான்கு வயதுக்குள் அவள் ஏறிய மலை ஒன்றே ஒன்று. பதினாறு வயதில், அம்மாவோடு, சைட்டியோ பொற்பாறைக்கு, திறந்த லாரியில், பலகைக்கு ஆறு பேராக நெருக்கி உட்கார்ந்து போனாள். ஏறும்போது எல்லாரும் சிரித்தார்கள். இறங்கும்போது பிரேக் தீய்கிற வாசனை வந்தது. அம்மா இவள் முழங்காலை இறுகப் பிடித்துக்கொண்டாள். இன்றைக்கும் திரையில் உயரத்தைக் காட்டும் கோடு சட்டென்று விழுகிற இடத்தைக் கண்டால், முழங்காலில் அந்த விரல்கள் அழுந்துகின்றன.

அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. தம்பி சிவநாதன் மலேசியாவில் இருக்கிறான். முதலில் வாரம் ஒரு தடவை பேசினான், இப்போது பண்டிகைக்குப் பேசுகிறான். கடைத்தெருவில் பர்மியம், வேலையில் ஆங்கிலம். தமிழ் பேச வீட்டில் ஆள் இல்லை. அதனால் பாதையோடு பேசுகிறாள். கணினியில் சாலைப் படங்களை ஒவ்வொன்றாக நகர்த்தி, வண்டி ஓட்டுகிற மாதிரியே போவாள். "இங்க ஒரு வளைவு. மெதுவா. இந்தா, ஒதுங்குறதுக்கு எடம் இருக்கு. அடுத்தது இறக்கம், பாத்து, பாத்து." பக்கத்து வீட்டுப் பர்மியப் பெண் ஒருநாள், காலையில் யாரோடு அவ்வளவு நேரம் பேசுகிறாய் என்று கேட்டாள். தம்பியோடு என்று சொல்லிவிட்டாள்.

இரண்டு வழி இருந்தால் கலைமணி சொல்வது நீளமான வழியாகத்தான் இருக்கும். சுற்றிவிடுகிறாள் என்று வாடிக்கையாளர்கள் குறைப்பட்டுக்கொண்டதும் உண்டு. மேலதிகாரி இரண்டு விதிகளை நினைவூட்டியிருந்தார். வழியை மட்டும் சொல்ல வேண்டும். எப்படி ஓட்டுவதென்று சொல்லக் கூடாது. எதுவானாலும் எழுத்தில்தான்; குரலில் பேசக் கூடாது. ஏதாவது நடந்துவிட்டால் பழி நிறுவனத்தின் தலையில் விழும்.

போன ஜூலையில் டெக்ஸாஸிலிருந்து ஒரு குடும்பம் வழி கேட்டு எழுதியது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். சமவெளிக்காரர்கள், ட்ரெய்லரோடு மலை ஏறுவது அதுதான் முதல் தடவை. எழுதுவது மனைவி நாஜியா. அன்றைய பயணத்துக்குப் பள்ளத்தாக்கைச் சுற்றிப் போகும் வழியைக் கொடுத்திருந்தாள் கலைமணி. நான்கு மணி நேரம் ஆகும். குறுக்கே கணவாயைத் தாண்டினால் ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் அந்தப் பக்கத்து இறக்கம் பதினோரு கிலோமீட்டர், மூச்சு விடச் சமதரையே கிடையாது.

காலை ஆறேகாலுக்கு நாஜியா எழுதினாள்: பிள்ளைகள் களைத்துவிட்டார்கள், குறுக்கு வழியில் போகலாமா? வேண்டாம் என்று கலைமணி அடித்துக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போயிற்று. மடிக்கணினியின் பேட்டரி ஏற்கெனவே வலுவிழந்திருந்தது, திரை அணைந்தது. இணையமும் அதோடு நின்றது. கைபேசியில் சிக்னல் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பதில் வராவிட்டால் சரி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். இடுப்பில் கட்டியிருந்த தமெய்னைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்புக்கூட இல்லாமல் ஐந்து மாடியும் இறங்கினாள்.

கீழே ஷம்சுதீனின் பேட்டரிக் கடை. இருபது வருடம் டவுங்ஜீ மலைக்கு லாரி ஓட்டியவர், முதுகு போனபிறகு கடை வைத்தார். அவர் கடை வாசலில்தான் சிக்னல் பிடித்தது. அதற்குள் இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. நாஜியாவின் செய்தி வந்து கிடந்தது: கிளம்பிவிட்டோம், உச்சி நெருங்குகிறது, ரொம்ப அழகாக இருக்கிறது.

"திரும்பச் சொல்லு தங்கச்சி," என்றார், நடந்ததை அவள் சொல்லக் கேட்ட ஷம்சுதீன்.

"திரும்ப எடமில்ல பாய். மூணு டன்னு பின்னால இருக்கு."

குரலில் பேசக் கூடாது என்ற விதி நினைவுக்கு வந்தது. பிறகு எண்ணைத் தேடி எடுத்து அழைத்தாள். நாஜியாவுக்கு அது யார் குரல் என்றே முதலில் புரியவில்லை. ஷம்சுதீன் தமிழில் சொல்லச் சொல்ல, கலைமணி ஆங்கிலத்தில் சொன்னாள். உச்சியிலேயே வண்டியை நிறுத்துங்கள். எஞ்சின் ஆறட்டும். இறங்கத் தொடங்கும் முன்பே கீழ் கியருக்கு வந்துவிடுங்கள். வேகம் பிடித்த பிறகு மாற்ற முடியாது.

"பிரேக்குல கால வச்சுக்கிட்டே வரக் கூடாது," என்றார் அவர். "அமுக்கணும், விடணும். அமுக்கணும், விடணும். புகைஞ்சா ஒதுங்கி நிக்கணும், வெக்கப்படக் கூடாது."

வெட்கப்படக் கூடாது என்பதையும் அவள் விடாமல் சொன்னாள். மூன்றாவது வளைவு தாண்டியதும் வலப்பக்கம் ஒதுங்க இடம் வரும், அதை விட்டால் ஐந்து கிலோமீட்டருக்கு வேறு இல்லை என்றாள். அவள் படத்தில் பல தடவை நின்று பார்த்த இடம் அது. அங்கே நீங்கள் போயிருக்கிறீர்களா என்று நாஜியா கேட்டாள். அதற்குள் தொடர்பு அறுந்தது.

ஷம்சுதீன் முக்காலியை இழுத்துப் போட்டார். "கெய்ச மஷிபூ. ஒண்ணும் ஆகாது, உக்காரு," என்றார். தேநீர் வரவழைத்தார். கலைமணி உட்காரவுமில்லை, குடிக்கவுமில்லை. தெருவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருத்தருக்காக இப்படிக் காத்து நின்று எவ்வளவு காலம் ஆயிற்று என்று நினைத்தாள். அந்த நினைப்பே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

ஒன்றரை மணி நேரம் கழித்துச் செய்தி வந்தது. இறங்கிவிட்டோம். நீங்கள் சொன்ன இடத்தில் சக்கரம் புகைந்தது, அரை மணி நேரம் ஒதுங்கி நின்றோம். சின்னவள் அழுதாள். இப்போது எல்லாரும் நலம்.

மறுநாள் நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. நாஜியா நன்றி சொல்லி எழுதியதிலிருந்து அவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது. விதியை மீறிக் குரலில் பேசியதற்கு எச்சரிக்கை. இன்னொரு தடவை நடந்தால் வேலை இல்லை. அந்தக் குடும்பத்தின் மீதிப் பயணத்தை வேறொருவரிடம் ஒப்படைத்திருந்தார்கள். கலைமணி மறுத்து எழுதவில்லை. புதிதாக வந்த மூன்று பேருக்கு வழி பார்த்துக் கொடுத்தாள், மூன்றும் சுற்றுவழிதான்.

வாரக் கடைசியில் நாஜியாவின் எண்ணிலிருந்து அவள் கைபேசிக்கு ஒரு படம் வந்தது. எழுத்து எதுவும் இல்லை, படம் மட்டும். சரிவான ஒரு ஆற்றங்கரை, ட்ரெய்லர், அதன் வாசலில் நால்வர் நின்று சிரிக்கிறார்கள். கலைமணி விரல்களால் படத்தைப் பெரிதாக்கினாள். சிரிப்புகளைத் தாண்டிக் கீழே நகர்த்தி, சக்கரம் வரைக்கும் போய் நிறுத்தினாள். சக்கரத்துக்கு அண்டை கொடுத்து இரண்டு கல் வைத்திருந்தார்கள். அதன் பிறகுதான் படத்தை மேலே நகர்த்தி, ஒவ்வொரு முகமாகப் பார்க்கத் தொடங்கினாள்.