ஒரு கன்னத்தில் மட்டும் தாடி

வலியை அளந்து எழுதுகிற வேலைக்கு ஸ்கேலும் கிடையாது, தராசும் கிடையாது; நோயாளியின் வாய்தான் எல்லாம். எழுபதுகளின் கடைசியில் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக அந்த வேலை பார்த்தேன். பல்வலி வந்து, "எவ்வளவு வலிக்குது?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் திணறியவர்களுக்கு என் பாடு புரியும்.

உப்பு

தோல் பதனிடும் ஆம்பூர் டேனரி ஒன்றில், பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்புப் போடுகிறவர் முனுசாமி. இடது கன்னத்தில் நரம்பு வலி. காற்று பட்டாலே சுரீரென்று இழுக்கும். மெல்ல முடியாது, கஞ்சிதான். நரம்பை வெட்டினால் வலி நிற்கும். ஆனால் பாதி முகம் ஆயுசுக்கும் மரத்துப்போகும். அதற்கு முன்னால் ஒரு புது மாத்திரையைச் சோதித்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். இரண்டு பாட்டில், பதினைந்து பதினைந்து நாள். ஒன்றில் மருந்து, இன்னொன்றில் வெறும் மாவு. எது எதுவென்று டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எல்லாம் கேட்டுக்கொண்டுதான் முனுசாமி சம்மதித்தார்.

"இது இன்னா பண்ணும் சிஸ்டர்?" என்றார். டாக்டர் சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தேன்: "அபின் ஜாதி மருந்து மூளையை மயக்கும். இது அப்படி இல்லீங்க. நரம்புல குட்டிக் குட்டிக் கதவு இருக்கு. அது திறந்து, உடம்புல இருக்கற உப்பு உள்ள போனாத்தான் வலிங்கற சேதி மேல ஓடும். உங்களுக்கு அந்தக் கதவு சும்மா சும்மா திறந்துக்குது. மாத்திரை அதைச் சாத்தி வைக்கும்." கேட்டுவிட்டு, தொடாமலே இடது கன்னத்தை விரலால் காட்டினார்.

"இருபது வருஷமா உப்பு வாரிக் கொட்டுறேன் சிஸ்டர், கடைசில என் மூஞ்சிக்குள்ளயே பூந்துக்கிச்சா?"

கம்மி

முதல் பாட்டில் முடிந்து வந்தார். "வலி எப்படி?" என்றேன். "நல்லா கம்மி சிஸ்டர்." சந்தோஷமாகப் பேனாவைத் திறந்தவள் நிமிர்ந்து பார்த்தேன். வலது கன்னம் மழமழவென்று இருக்கிறது. இடது கன்னம் முழுக்கத் தாடி! பிளேடு பட்டால் உயிர் போகும், அதனால் விட்டுவிட்டிருக்கிறார்.

எனக்கு வந்ததே கோபம். "ஏங்க பொய் சொல்றீங்க? இது மாவா இருந்து, மாவுக்கே கேட்டுச்சுன்னு நான் எழுதிட்டா, அசல் மருந்தை யார் நம்புவாங்க? அப்புறம் ஆபரேஷன்தான்!" முனுசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

"டாக்டர் அவ்ளோ ஆசையா குடுத்தாரு. இல்லன்னு சொன்னா மனசு கஷ்டப்படுவாருல்ல?"

இரண்டாவது பாட்டில்

அடுத்த பதினைந்து நாளும் அவரைவிட எனக்குத்தான் பயம். இதுவும் கேட்காவிட்டால் ஆபரேஷனுக்கு நாள் குறிக்க வேண்டியதுதான். வாசலில் அவர் தலை தெரிந்ததும் என் கண் நேராக இடது கன்னத்துக்குப் போனது. மழமழவென்று ஷேவ், அதன்மேல் பவுடர் வேறு! அப்பாடா என்றிருந்தது, அழுகையே வந்துவிட்டது.

லேசாகத் தலை சுற்றுகிறதாம், அவ்வளவுதான். காலையில் இடது பக்கமாகவே முறுக்கு கடித்தார் என்று கூட வந்த சம்சாரம் சாட்சி சொன்னார். எந்தப் பாட்டிலில் எது என்று முதலிலேயே எழுதி மூடி வைத்திருந்த கவரைப் பிரித்தார்கள். முதல் பாட்டில் மாவு, இரண்டாவதுதான் மருந்து. ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முனுசாமி என் மேஜைப் பக்கம் குனிந்தார்.

"இப்ப நெசமாவே கம்மி சிஸ்டர். டாக்டருக்கு சந்தோஷம்தானே?"

அன்றிலிருந்து ஆண் நோயாளிகளிடம் கேள்வி கேட்பதற்கு முன்னால் கன்னத்தைப் பார்த்துக்கொள்வேன். பெண்களுக்கு என்ன வழி என்பது ரிடையர் ஆகும்வரை எனக்குப் பிடிபடவில்லை.