குட்டையாய் நின்ற நாம்பனும் எங்கள் அண்ணரின் காலும்

இதை எழுத எத்தனையோ வருடங்களாகப் பேனையை எடுத்து எடுத்து வைத்துவிட்டேன். அண்ணர் உயிரோடு இருக்கும்வரை விடவில்லை. ஆண்டுத் திவசத்துக்கு மலர் அச்சிடுகிறோம் என்றதும் அண்ணியே, "எழுதுங்கோ தம்பி, என்ரை சகோதரம் எண்டு பாக்காதேங்கோ" என்றார். சிவபெருமான் துணை.

அண்ணர் நெல்லியடிக்குக் கிட்டப் பிறந்தவர். ஐயா நேரத்தோடு சிவபதம் அடைந்ததால் பள்ளியை விட்டு, மிளகாய்த் தோட்டத்தில் இறங்கி எங்களை ஆளாக்கினார். அவருக்கென்று இருந்த ஒரே ஆசை வண்டிப் பந்தயத்தில் ஓடும் சவாரி மாடுகள்.

ஒருமுறை எங்கள் பசுவும் அண்ணியின் தம்பி வீட்டுப் பசுவும், ஒரே காளைக்கு, ஒரே கிழமையில் இரண்டு வெள்ளை நாம்பன் கன்றுகளை, ஆண் கன்றுகளை, ஈன்றன. அவர்களுடையதன் நெற்றியில் மட்டும் ஒரு மயிர்ச் சுழி இருந்தது. இரண்டையும் எங்கள் கொட்டிலில் வளர்த்துச் சவாரிச் சோடியாக்குவதென்று பேச்சு. காயடிக்க, நலமடிக்கிறவர் வந்தார். எங்கள் கன்றை விழுத்திக் காலைக் கட்டி, விதையைக் கட்டைகளுக்கு நடுவில் வைத்து நசுக்கினார். அது கத்திய கத்து இன்னும் என் காதில் நிற்கிறது. நுரை தள்ளித் தலையை மண்ணில் அடித்தது. மற்றதைப் பிடிக்கப் போகையில் அண்ணியின் தம்பி மறித்தார்.

"என்ரையை விடுங்கோ அத்தான். நலமடிக்காமல் நாம்பனாய் நிண்டால்தான் வளரும்."

"சோடி பிசகும் தம்பி."

"பிசகினால் உங்கடைதான் குட்டையாய் நிக்கும்."

பிறகு அண்ணியின் தம்பி தன் கன்றை அப்படியே எங்கள் கொட்டிலில் விட்டு, வன்னிக்கு வயல் செய்யப் போய், சில போகம் கழித்துத் திரும்பினார். கொட்டிலில் எங்கள் மாடு நெடுங்காலில் நின்றது. அவருடையது கழுத்தும் திமிலும் பெருத்து, கால் கட்டையாய் நின்றது.

"என்ரை கண்டை வித்துப்போட்டு ஆற்றையோ குறளனைக் கட்டி வைச்சிருக்கிறீர்."

"உன்ரை கண்டுதான். நெத்தியைத் தடவிப் பார், சுழி இருக்கு."

அவர் தடவவில்லை. விறகுக்கு வைத்திருந்த கோடாலியை எடுத்தார். முதல் வெட்டு நாம்பனின் கழுத்தில் விழுந்தது. இரத்தம் கொட்டில் தட்டிவரை பீறியது. அண்ணர் குறுக்கே பாய்ந்தார். அடுத்த அடி, கோடாலியின் பின்புற மொட்டைப் பிடங்கினால், அவர் முழங்காலுக்குக் கீழே இறங்கியது. எலும்பு முறிந்து தோலைக் கிழித்து வெளியே வந்தது. அயலவர்கள் ஓடிவந்து, அடித்தவரின் கைகளை மாட்டுக் கயிற்றாலேயே கட்டினார்கள்.

அண்ணரை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு மிருக வைத்தியர் வந்தார். நாம்பன் முடிந்துவிட்டது. இரண்டையும் வளர்த்த விதத்தைக் கேட்டுவிட்டு, கட்டுண்டு நின்றவரிடம் சொன்னார்:

"விதையிலை ஓமோன் எண்டு ஒண்டு ஊறும். எலும்பு நுனியிலை நீளுற குருத்தை அது கெதியாய் முத்த வைச்சிடும். பிறகு உடம்பு பெருக்கும், கால் நீளாது. சின்னனிலை நலமடிச்சால் குருத்து முத்தக் கனகாலம் எடுக்கும், கால் நீண்டுகொண்டு போகும். ஒருதரும் மாடு மாத்தேல்லை. நீர் வெட்டினது உம்மடை கண்டைத்தான்."

அவர் கட்டிய கையோடு குந்தி, செத்த மாட்டின் நெற்றியைத் தடவினார். சுழி இருந்தது.

ஆனால் ஊருக்குப் போனது, கன்றை விற்று மாட்டை மாற்றினார் என்ற முதற்கதைதான். அண்ணருக்கு 'மாடு மாத்தினவர்' என்ற பெயர் நிலைத்தது. ஒரு கால் கட்டையாகி வீடு திரும்பியவர், வண்டியால் விழுந்ததென்றே எல்லாரிடமும் சொன்னார். "அவளுக்குப் பிறந்த வீடு வேணும். ஒருதரும் வாய் திறக்கப்படாது" என்று எங்களையும், பார்த்த அயலவர்களையும், அண்ணியின் தம்பியையும் கட்டுப்படுத்தினார். ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் ஐயாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தபின் இன்னொரு கை இறைப்பார். கேட்டால், "அந்த வாயில்லாச் சீவனுக்கு" என்பார். கடைசிக் கிழமையிலும் அந்தக் காலைத்தான் தடவிக்கொண்டு கிடந்தார்.

அன்று அவரைச் சுமந்த அயலவர்களுக்கும், வைத்தியருக்கும், நோயில் பார்த்த எல்லோருக்கும் எங்கள் கைகூப்பு. பாடையின் முன்பக்கத்தைத் தோளில் தாங்கியவர் அண்ணியின் தம்பி. இதை எழுதட்டுமா என்று கேட்டபோது, "எழுதும். என்ரை கையையும் விடாமல் எழுதும்" என்றார்.

ஆகவே இனி யாராவது அண்ணரை மாடு மாத்தினவர் என்றால் இதைச் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். வெட்டிய கையைச் சொல்லுகிறவர்கள், சுழியைத் தடவிய கையையும் சொல்லுங்கள்.