மஞ்சள் முடிச்சு ரூபாய்

தாண்டவராயனுக்குப் பழங்காசுப் பைத்தியம். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் ஓடும் பஸ்ஸில் கண்டக்டராகச் சேர்ந்த நாள் முதல், தோல்பையில் விழும் சில்லறையை விரலாலேயே தடவிப் பார்ப்பான். தேய்ந்த ராஜா தலை, நடுவில் ஓட்டை போட்ட காலணா, புதுச்சேரி பிரெஞ்சுக்காரன் காசு, எதுவானாலும் தன் கைக்காசைப் பையில் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்வான். வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைந்து, இரண்டாவதும் பாதி ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாவற்றையும் பாயில் பரப்புவான். மகள் அம்மணி அவற்றை வைத்துக் கடை விளையாடுவாள். மனைவி அம்சா மட்டும் கிட்டே வரமாட்டாள். யார் யார் கையை விட்டு எப்படி வந்ததோ என்று அவளுக்கு ஓர் உறுத்தல்.

நயா பைசா வந்த மறுவருஷம், ஆடி மாதம், கம்பெனி காலத்து வெள்ளி ரூபாய் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். அதன் ஓரத்தில் மஞ்சள் அப்பியிருந்தது.

"இது சாமிக்கு முடிஞ்சு வச்ச காசாச்சே. யாராண்ட வாங்கினீங்க?"

"விக்கிரவாண்டியில ஒருத்தி ஏறினா. மடியில புள்ள, அனலாக் கொதிக்குது. ஆஸ்பத்திரிக்குப் போறாளாம். டிக்கெட்டுக்குச் சில்லறை பத்தல. முந்தானையில மஞ்சத்துணி முடிச்சு. அத அவுத்துக் குடுன்னேன். புள்ளைக்காக ஆத்தாளுக்கு நேந்துக்கினதுன்னு அழுதா. அப்ப எறங்குன்னு விசில் ஊதினேன், குடுத்துட்டா. சும்மா வாங்கலடி, மேல மூணு ரூபா குடுத்தேன்!"

"புள்ள பொழைக்கணும்னு முடிஞ்சத அவுக்க வச்சுட்டீங்களே. திருப்பிக் குடுத்துடுங்க."

"அவள எங்கன்னு தேடறது? பேஜாரு பண்ணாத, ஜல்தியா சோத்தப் போடு."

ரூபாய் டப்பாவுக்குள் போயிற்று. அம்மணி தும்மினாலும் அம்சா ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். தெருக்கோடியில் ஒரு வீட்டில் அம்மை கண்டு, வாசலில் வேப்பிலை செருகினார்கள். அடுத்து, எதிர் வீட்டில். அன்று அம்சா டப்பாவைத் திறந்து ரூபாயை எடுத்தாள். அம்மணியைப் பக்கத்து வீட்டு சவுரியம்மாளிடம் விட்டுவிட்டு, புருஷனுடைய பஸ்ஸிலேயே ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

"மானத்த வாங்காத, எறங்கு" என்றான் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"டிக்கெட் குடுங்க" என்றாள் அம்சா.

விக்கிரவாண்டியில் ஒரு பெண் ஏறினாள். அவளைக் கண்டதும் தாண்டவராயனின் டிக்கெட் கிழிக்கும் கை நின்றுபோயிற்று. அம்சாவுக்குப் புரிந்துவிட்டது. பிள்ளையைத் தூக்கிப் பழகிய இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தே இருந்தது. பிள்ளைதான் இல்லை.

அம்சா எழுந்துபோய் ரூபாயை நீட்டினாள். "யக்கா, இது உங்களுது. வாங்கிக்குங்க."

அந்தப் பெண் காசைப் பார்த்தாள், தாண்டவராயனைப் பார்த்தாள். முகத்தில் கோபமே இல்லை.

"எனக்கு இன்னாத்துக்கும்மா இனிமே? உங்க வூட்டுல புள்ள இருக்குதா?"

அம்சா தலையாட்டினாள்.

"அப்ப உங்களாண்டயே இருக்கட்டும். வேணும்."

சாயங்காலம் இருவரும் வீடு திரும்பியபோது தெருமுனையிலேயே சவுரியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். "அம்மணி எதுவும் சாப்பிடலடி. மத்தியானத்துலேருந்து படுத்தே கெடக்குது."

அம்சா மகளின் நெற்றியைத் தொட்டாள். எழுந்துபோய், ஒரு கையை மூடியபடியே, பல்லால் துணி கிழித்து மஞ்சளில் நனைத்தாள். தாண்டவராயன் இரண்டு டப்பாக்களையும் தூக்கிவந்து அவள் முன்னால் கொட்டினான்.

"இதுல எது வேணும்னாலும் எடுத்து முடி, அம்சா. எல்லாத்தையுமே முடி."

அவள் அவற்றைப் பார்க்கவில்லை. மூடியிருந்த கையை விரித்தாள். வியர்வையில் ரூபாய் உள்ளங்கையோடு ஒட்டியிருந்தது.

"அதையேவா?"

"இதத்தானே விசில் ஊதி வாங்கினீங்க."

துணியில் வைத்து மடித்தாள். இறுக்குவதற்கு அவள் விரல்களில் வலுவில்லை. முடிச்சை அவன்தான் இறுக்கினான்.