ஆர்லிஸ் ஹாகனிடம் யாரும் கேட்கவில்லை

பொதுமக்களில் ஒருத்தியாக உட்கார்ந்து வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல வரும்படி ஆர்லிஸ் ஹாகனுக்கு ஜூரி சம்மன் வந்தபோது எங்கள் ஊரில் முழங்கால் அளவு பனி கிடந்தது. அந்த வாரம் பார்த்து இரண்டு கல்யாணம். இரண்டு மணப்பெண்களுக்கும் அவள்தான் தலை அலங்காரம் செய்வதாக இருந்தது. நீதிமன்றத்துக்குப் போன் செய்து கெஞ்சினாள். ஒரு தடவை தள்ளிப்போடலாம், மறுபடி கேட்கக்கூடாது என்றார்கள். புதிதாகக் கொடுத்த தேதி மே மாதக் கடைசியில், பள்ளிப் பட்டமளிப்பு நடக்கும் வாரத்தில் வந்து விழுந்தது. மினசோட்டாவில் எங்களுடையதைப் போன்ற சின்ன ஊர்களில் அந்த வாரம் வீட்டுக்கு வீடு விருந்து. விருந்துக்குப் போகிற பெண்கள் எல்லோருக்கும் முடி வெட்டியாக வேண்டும்.

"கல்யாணத்துக்குத் தப்பிச்சு பட்டமளிப்புல மாட்டிக்கிட்டேன் பாரு," என்று என் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே புலம்பினாள். அவளுடைய கடை, கார் நிறுத்தும் கொட்டகையை மாற்றிக் கட்டியது, ஒரே நாற்காலி. நான் எதிர் வீட்டுக்காரன். அவள் புலம்பல்களில் பாதியை நான் அந்த நாற்காலியில் இருந்துதான் கேட்டிருக்கிறேன்.

தினமும் மாலையில் ஒரு எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். மறுநாள் யார் யார் வரவேண்டும் என்று பதிவுசெய்த குரல் ஒன்று சொல்லும். ஞாயிறு மாலை, தேவையில்லை என்றது. திங்கள் மாலையும் அதையே சொன்னது. இதற்குள் வாடிக்கையாளர்கள் பாதிப் பேரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டிருந்தாள். அவர்கள் பக்கத்து ஊர்க் கடைக்குப் போய்விட்டார்கள்.

"நீ சும்மா வரேன்னாலும் வேணாங்கிறாங்களே," என்றான் அவள் கணவன் லைல்.

"வாயை மூடிக்கிட்டு சாப்பிடு."

செவ்வாய் மாலை அந்தக் குரல் வரச்சொன்னது.

நீதிமன்ற வாசலில் காவலர் அவள் கைப்பையைத் துழாவி முடி வெட்டும் கத்தரியை வெளியே எடுத்தார்.

"இதை எதுக்கு மேடம் கொண்டு வந்தீங்க?"

"எப்பவும் பையில கிடக்கறது. யாரையும் குத்தற எண்ணம் இன்னும் வரல. சாயங்காலம் வரைக்கும் உட்கார வச்சா சொல்றேன்."

"இங்க இந்த மாதிரிப் பேச்செல்லாம் வேண்டாம் மேடம்," என்றார் அவர். கொஞ்சம்கூடச் சிரிக்கவில்லை.

பிறகு காத்திருப்பு. குடிமகனின் கடமை பற்றி ஒரு படம் போட்டுக் காட்டினார்கள். கருகிய வாசனை அடிக்கும் காப்பி இருந்தது. எதற்காகக் காத்திருக்கிறோம் என்று யாரும் சொல்லவில்லை. பகலுணவு நெருங்கும் நேரத்தில் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, யாரை ஜூரியில் வைப்பது என்று பொறுக்கக் கேள்விகள் கேட்டார்கள்.

வழக்கு இதுதான். பிரென்ட் நைகார்ட் என்ற இளைஞன், மதுக்கடை வாசலில் டாரின் ஃபோஸி என்பவனைப் பில்லியர்ட்ஸ் கோலால் அடித்துத் தாடையை உடைத்துவிட்டான் என்பது குற்றச்சாட்டு. டாரின்தான் முதலில் பாய்ந்தான், நான் தடுத்தேன் என்பது பிரென்ட்டின் கட்சி.

ஆர்லிஸுக்குப் பக்கத்தில் இருந்த வான்கோழிப் பண்ணைக்காரர், போலீஸ் சொல்வது எதையும் நான் நம்பமாட்டேன் என்றார். உடனே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போகும்போது அவளைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுப் போனார்.

அவளிடம் நீதிபதி, "இவங்கள்ல யாரையாவது தெரியுமா?" என்று கேட்டார்.

"பிரென்ட்டோட அத்தை லவோனுக்கு நான்தான் முடி வெட்டறேன். டாரினோட அக்காவுக்கும் நான்தான். ரெண்டு பக்கத்துத் தலையும் என் கையிலதான் இருக்கு."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. "அப்படி இருந்தும் நியாயமா முடிவு சொல்ல முடியுமா?"

முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மதியமே கடையைத் திறந்திருக்கலாம். "முடியும்னுதான் நினைக்கிறேன்," என்றாள். அதுதான் உண்மை. அவளை எடுத்துக்கொண்டார்கள். "பொய் சொன்னவன் வீட்டுக்குப் போனான், நான் உள்ள உட்கார்ந்தேன்," என்று பிற்பாடு சொல்லிச் சொல்லி ஆற்றாமைப்பட்டாள்.

விசாரணை மறு வாரத்துக்குள்ளும் நீண்டது. வழக்கைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று நீதிபதி தினமும் சொல்லி அனுப்பினார். முடி வெட்டுகிறவளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. மாலையில் கடை திறந்தால் எல்லோரும் முடிக்காக வருவதாகச் சொல்லிக்கொண்டு வழக்கைக் கேட்கத்தான் வந்தார்கள். பெர்னடீன் என்ற கிழவி, நான் என் முறைக்குக் காத்திருந்தபோது, கண்ணாடியில் ஆர்லிஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பையன் பார்க்க எப்படி இருக்கான் ஆர்லிஸ்? பயந்துபோயிருக்கானா?"

"பின்னாடி இன்னும் கொஞ்சம் குறைக்கட்டுமா?"

"நான் முடியைப் பத்தியா கேட்டேன்?"

"நான் முடியைப் பத்தி மட்டும்தான் பேசலாம், பெர்னடீன். தலையைக் குனிங்க."

பெர்னடீன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள்.

ஆனால் நீதிமன்றக் கூடத்துக்குள் ஆர்லிஸ் மாறிப்போயிருந்தாள். இவ்வளவு கவனமாக வாழ்க்கையில் எதையும் கேட்டதில்லை என்றாள் என்னிடம், எல்லாம் முடிந்த பிறகு. பிரென்ட் பின்னாலிருந்து வந்து அடித்தான் என்று டாரின் சொன்னான். டாரினின் சொந்த நண்பனோ, இருவரும் மூக்கோடு மூக்கு வைத்துக் கத்திக்கொண்டு நின்றார்கள் என்றான். அரசு வழக்கறிஞர் அதைக் கண்டும் காணாததுபோல் கடந்து போனார். ஆர்லிஸ் அதை விடவில்லை. இரவில் லைல் குறட்டை விடும்போது இவள் விழித்துப் படுத்து அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். குற்றம் சந்தேகமில்லாமல் நிரூபிக்கப்படவில்லை என்று அவளுக்குத் தீர்மானமாகிவிட்டது. ஜூரி அறைக்குள் போனதும் முதலில் இதைத்தான் பேசவேண்டும் என்று வார்த்தைகளைக்கூடச் சேர்த்து வைத்திருந்தாள்.

கடைசி நாள் வாதம் முடிந்தது. நீதிபதி பன்னிரண்டு பேரை உள்ளே போகச் சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"திருமதி ஹாகன், நீங்க மாற்று ஜூரி. யாருக்காவது உடம்பு சரியில்லாம போனா உங்களைச் சேர்த்திருப்போம். அதுக்கு அவசியம் வரல. ரொம்ப நன்றி. நீங்க வீட்டுக்குப் போகலாம். தீர்ப்பு வர்ற வரைக்கும் யார்கிட்டயும் பேசாதீங்க."

மற்றவர்கள் அதற்குள் வரிசையாக உள்ளே போயிருந்தார்கள். கதவு சாத்தப்பட்டது. அவள் தாழ்வாரத்தில் வந்து நின்றாள். அலுவலக ஜன்னலுக்குள் இருந்த பெண்ணிடம், "முதல் நாளே சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டாள்.

"சொல்லியிருந்தா வழக்கை இவ்வளவு கவனமா கேட்டிருப்பீங்களா மேடம்?"

அந்தப் பெண் சொன்னது நியாயம் என்று ஆர்லிஸுக்குத் தெரிந்தது. அதுதான் அவளை இன்னும் எரிச்சல்படுத்தியது.

மறுநாள் தீர்ப்பு வந்தது. பிரென்ட் குற்றவாளி.

சில நாள் கழித்து மளிகைக் கடையில் மெர்ல் டாலெஃப்சனைப் பார்த்தாள். ஓய்வுபெற்ற மருந்துக் கடைக்காரர், பன்னிருவரில் ஒருவர். இப்போது பேசத் தடையில்லை.

"அந்த நண்பன் சொன்னதை யாராவது எடுத்துப் பேசினீங்களா மெர்ல்?"

அவர் தக்காளிகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். "நான் பேசினேன். பதினோரு பேர் அந்தப் பக்கம், நான் ஒருத்தன் இந்தப் பக்கம். சாயங்காலம் வரைக்கும் தாக்குப் பிடிச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒருவேளை நான்தான் தப்போன்னு தோணிடுச்சு. தனியா ஒருத்தன் எவ்வளவு நேரம் பேசறது? நீயாவது என் பக்கம் இருப்பேன்னு நினைச்சேன் ஆர்லிஸ். திரும்பிப் பார்த்தா உன்னைக் காணோம்."

"வெளிய அனுப்பிட்டாங்க மெர்ல். நானாவா போனேன்?"

அவள் வாங்க வந்ததை வாங்காமலே வீடு திரும்பினாள்.

இதற்கிடையில் ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டிருந்தது. ஆர்லிஸ் அத்தனை நாளும் அங்கே உட்கார்ந்திருந்தாள், ஆகவே அவளும் சேர்ந்துதான் பையனைத் தண்டித்தாள் என்று. பிரென்ட்டின் அத்தை லவோன் கடை வாசல்வரை வந்தாள், உள்ளே வரவில்லை.

"இருபது வருஷமா என் தலையை உன்கிட்ட கொடுத்திருக்கேன். உள்ள நீ என்ன சொன்ன? அதை மட்டும் சொல்லு."

"என்கிட்ட யாரும் கேக்கவே இல்ல லவோன். கேட்டிருந்தா குற்றவாளி இல்லைன்னு சொல்லியிருப்பேன்."

"இப்ப எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க," என்று சொல்லிவிட்டு லவோன் காரில் ஏறிப் போனாள். இன்றுவரை அவள் திரும்பி வரவில்லை.

தண்டனை அறிவிக்கும் நாளன்று ஆர்லிஸ் கடையைப் பூட்டினாள். யாரும் கூப்பிடவில்லை, சம்மனும் இல்லை. பொதுமக்களுக்கான பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். லவோன் முன் வரிசையில் இருந்தாள். ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாவட்டச் சிறையில் சில மாதம், அதன்பின் நன்னடத்தைக் கண்காணிப்பு என்று நீதிபதி வாசித்தார். பிரென்ட் தரையைப் பார்த்தபடி நின்றான். கூடம் காலியாகும்வரை ஆர்லிஸ் எழுந்திருக்கவில்லை.

"எதுக்கு அங்க போன? உன்னால என்ன ஆகப்போகுது?" என்று அன்று இரவு லைல் கேட்டிருக்கிறான்.

"ஒண்ணும் ஆகாது. பாதிக் கதையில எழுப்பி அனுப்பினாங்க. மீதியையாவது உட்கார்ந்து பார்க்கணும்னு இருந்தது."

லைல் உருளைக்கிழங்குக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.